குற்றாலீஸ்வரன் எங்கே போனார்னு கேக்கறவங்களுக்கு

டிஸ்கி: நீளமான பதிவு. கொஞ்சம் சூடான பதிவும் கூட. டீயோ காபியோ எடுத்துட்டு வந்து உட்காருங்க.

வருஷத்துக்கு ரெண்டு தடவையாச்சும் யாராவது ஒரு பதிவர் இந்த இடுகையைப் போட்டுடறார். "இந்தப் பையனை ஞாபகம் இருக்கா?" அப்படின்னு தலைப்பு. நீச்சல் கண்ணாடி போட்ட ஒரு சின்னப் பையன் படம். கீழே நாலு பத்தி மலரும் நினைவுகள். அப்புறம் பின்னூட்டத்துல கும்மி ஆரம்பிச்சுடும். "ஆமா தல, எங்க ஸ்கூல் பொது அறிவுப் போட்டியில கேப்பாங்க." "பாவம், பெத்தவங்க பேராசை." "அமெரிக்கா போய் செட்டில் ஆயிட்டாராம், அவ்ளோதான் நாட்டுப்பற்று." "கிரிக்கெட் இருக்கற வரைக்கும் இந்த நாட்டுல எவனும் உருப்பட முடியாது." கடைசியா ஒருத்தர் வந்து, "நல்ல பதிவு, தொடருங்கள்."

1994-ல நான் பொறக்கவே இல்லை. அதனால எனக்கு மலரும் நினைவு எதுவும் கிடையாது. அந்த வசதியோட சொல்றேன்: அண்ணன்மாரே, இந்தக் கேள்வியைத் தயவு செஞ்சு நிறுத்துங்க. குற்றாலீஸ்வரன் எங்கேயும் காணாமப் போகலை. ஒரு மனுஷன் படிச்சான், வேலைக்குப் போனான், குடும்பம் நடத்தறான். காணாமப் போனது வேற ஒண்ணு. அதைப் பத்தி யாருமே பதிவு போடறதில்லை.

முதல்ல விவரம். குற்றாலீஸ்வரன் 1981 நவம்பர்ல பொறந்தவர். ஈரோட்டுப் பக்கத்துக் குடும்பம், வளர்ந்தது சென்னை. மெரினாவுல இருக்கற அண்ணா நீச்சல் குளத்துல கோடை வகுப்புக்குப் போன பையன். இதைக் கொஞ்சம் ஞாபகம் வெச்சுக்கோங்க, பின்னாடி தேவைப்படும். 1994-ல, பன்னெண்டு வயசுல, பாக் ஜலசந்தியை ஏறக்குறைய 16 மணி நேரத்துல கடந்தார். அதே வருஷம் ஆங்கிலக் கால்வாய். அதே வருஷம் இத்தாலியில மெசினா ஜலசந்தி. மொத்தம் ஒரே காலண்டர் வருஷத்துல ஆறு. அதுக்கு முன்னாடி 1966-ல மிஹிர் சென் ஒரே வருஷத்துல அஞ்சு நீந்தியிருந்தார், அந்தக் கணக்கைத்தான் இவர் தாண்டினார். 1996-ம் வருஷத்துக்கான அர்ஜுனா விருது கொடுத்தாங்க. கொஞ்ச வருஷத்துல போட்டி நீச்சலை விட்டுட்டார். செலவுக்கு ஸ்பான்சர் கிடைக்காததுதான் காரணம்னு அவரே பேட்டிகள்ல சொல்லியிருக்கார். அப்புறம் பொறியியல், அமெரிக்கா, வேலை.

இதுல "வீணாப் போச்சு"ன்னு சொல்ல என்ன இருக்கு? பொறியியல் படிச்சிட்டு கம்ப்யூட்டர் முன்னாடி உட்கார்ந்து பதிவு எழுதற நாம, அதே பொறியியல் படிச்ச இன்னொருத்தரைப் பார்த்து "ஐயோ பாவம்"னு சொல்றோம். இதைவிட பெரிய காமெடி உண்டா? :-)

சரி, அந்தச் செலவு எதுக்குன்னு யோசிச்சீங்களா? ஆங்கிலக் கால்வாயை நீந்தணும்னா கடற்கரைக்குப் போய் டவலைப் போட்டுட்டு குதிக்க முடியாது. வழிகாட்டிப் படகு, மாலுமி, சங்கம் அனுப்பற பார்வையாளர் எல்லாம் கூட வரணும். நடுவுல படகைத் தொட்டா ஆட்டம் அவுட். காத்தும் அலையும் சரியா வர்ற வரைக்கும் டோவர் பக்கத்துல ரூம் போட்டுக் காத்துக்கிடக்கணும். பாக் ஜலசந்தின்னா ரெண்டு நாட்டு அனுமதி வேணும். இதெல்லாம் ஒரு தடவை. இவர் ஒரு வருஷத்துல ஆறு தடவை பண்ணியிருக்கார். ஒரு நடுத்தரக் குடும்பம் எத்தனை வருஷம் இதைத் தாங்கும்?

"அரசாங்கம் குடுத்திருக்கணும்" என்பது அடுத்த டயலாக். குடுத்திருக்கலாம்தான். ஆனா எதுக்குக் குடுக்கறது? அடுத்த ஜலசந்திக்கா? ஏழாவதுக்கா? திறந்தவெளி நீச்சல் 1991 பெர்த் உலகப் போட்டியிலேயே 25 கிலோமீட்டரா வந்துடுச்சு. ஒலிம்பிக்ல 10 கிலோமீட்டர் வர 2008 பெய்ஜிங் வரைக்கும் ஆச்சு, அப்போ அவருக்கு 26 வயசு. ஆசியப் போட்டிக்கு அது வந்தது 2023-ல நடந்த ஹாங்சோவுலதான். அந்தப் பையனுக்கு முன்னாடி ஒரு படிக்கட்டு இருந்திருக்கணும்: மாநிலம், தேசம், ஆசியா, உலகம்னு. நாம குடுத்தது மேடை. ஏறினா மாலை போடுவாங்க, இறங்கறது உன் பாடு.

இதுல இன்னொரு விஷயம். நாம கொண்டாடறது நீச்சலை இல்லை, வயசை. "இவ்ளோ சின்ன வயசுல!" என்பதுதான் நமக்கு சாதனை. வயசுச் சாதனையில ஒரு சின்ன சிக்கல் என்னன்னா, அதை வெச்சிருக்கறவன் ஒண்ணுமே பண்ணாம இருந்தாலும் ஒவ்வொரு பிறந்த நாளுக்கும் அது கையை விட்டுப் போயிட்டே இருக்கும். பதிமூணு வயசுல என்ன பண்றது? பதினெட்டுல? 2019-ல தேனியைச் சேர்ந்த பத்து வயசுப் பையன் ஒருத்தன் தலைமன்னார்ல இருந்து தனுஷ்கோடிக்குப் பத்தரை மணி நேரத்துல வந்துட்டான். சபாஷ், நிஜமாவே பிரமாதம். ஆனா செய்தியில வந்தது என்ன? "குற்றாலீஸ்வரன் சாதனை முறியடிப்பு." இப்படியே போனா அடுத்து எட்டு வயசு, அப்புறம் ஆறு, அப்புறம் தொட்டிலோட கொண்டு போய் தலைமன்னார்ல இறக்கிவிட வேண்டியதுதான்.

இங்கிலாந்துக்காரன் என்ன பண்ணினான்னு பாருங்க. 1988-ல தாமஸ் கிரிகரின்னு ஒரு பையன் 11 வயசுல, அதாவது 12 ஆக ஒரு மாசம் இருக்கும்போது, ஆங்கிலக் கால்வாயைக் கடந்தான். இன்னிக்கு அந்தச் சாதனையை யாரும் முறியடிக்க முடியாது. ஏன்னா அதுக்கப்புறம் 16 வயசுக்குக் கீழ யாரையும் அனுமதிக்கறதில்லைன்னு விதியை மாத்திட்டாங்க. போதும்டா சாமின்னு கதவைச் சாத்திட்டாங்க. நாம இன்னும் அதே கதவு முன்னாடி பொன்னாடையோட நிக்கறோம்.

பெரியவங்களுக்கு மட்டும் என்ன நடந்ததாம்? வல்வெட்டித்துறை ஆனந்தன் 1971-ல பாக் ஜலசந்தியை இங்கிட்டும் அங்கிட்டுமா 51 மணி நேரத்துல நீந்தினவர். அவருக்கு முன்னாடியே 1954-ல நவரத்தினசாமி யாழ்ப்பாணக் கரையிலிருந்து கோடியக்கரைக்கு நீந்தி வந்துட்டார். ரெண்டு பேரும் தமிழர்கள். நம்ம மலரும் நினைவுப் பதிவுகள்ல இவங்க பேரே வராது, அது தனிச் சோகம். ஆனந்தன் சாதனைக்கு மேல சாதனையா அடுக்கிட்டே போனார். 1984 ஆகஸ்ட்ல ஆங்கிலக் கால்வாயை நீந்தும்போது இறந்து போனார். அப்போ 41 வயசு. சரியா பத்து வருஷம் கழிச்சு அதே தண்ணியிலதான் பன்னெண்டு வயசுப் பையன் இறங்கினான். இதை ஒரு நிமிஷம் யோசிச்சுப் பாருங்க. எனக்கு அந்தப் பையனைப் பத்தி இருக்கற மரியாதை அவன் ஆறு முடிச்சதுக்காக மட்டும் இல்லை, போதும்னு கரை ஏறினதுக்காகவும்தான்.

மிஹிர் சென் கதை இன்னும் வேற மாதிரி. 1958-ல ஆங்கிலக் கால்வாயைக் கடந்த முதல் இந்தியர், பத்மஸ்ரீ, பத்மபூஷண் எல்லாம் வாங்கியாச்சு. பின்னாடி பட்டு ஏற்றுமதி வியாபாரம் பண்ணினார், பெரிய அளவுலயே. பட்டுன்னதும் காஞ்சிபுரத்துக்காரனான எனக்கு ஒரு சின்ன பாசம் வந்துடுச்சு, ஹிஹி. அப்புறம் வியாபாரம் நொடிஞ்சது, கடைசி வருஷங்கள் ஞாபக மறதி நோயில போச்சு, 1997-ல கல்கத்தாவுல காலமானார்.

நிற்க. இப்போ காணாமப் போன சமாச்சாரத்துக்கு வர்றேன்.

எங்க ஊர் காஞ்சிபுரம். ஏகாம்பரநாதர் கோயில்ல சிவகங்கைத் தீர்த்தம். அந்தப் பக்கமே கொஞ்சம் தள்ளி சர்வதீர்த்தக் குளம். சின்ன காஞ்சிபுரத்துல வரதராஜர் கோயில் அனந்தசரஸ். தெற்கே பாலாறு, நடுவுல வேகவதி. கோயில் நகரம்னு போர்டு வெச்சிருக்காங்க, குளங்களின் நகரம்னும் வெச்சிருக்கலாம். எங்க தெருவுல தறி போட்டுட்டிருந்த தாத்தாக்கள் அத்தனை பேருக்கும் நீச்சல் தெரியும். யாரும் கோச் வெச்சுக் கத்துக்கலை. இடுப்புல கயிறு, முதுகுல காய்ஞ்ச சுரைக்குடுக்கை, கிணத்துல ஒரு தள்ளு. அவ்ளோதான் சிலபஸ். காலையில குழித்தறியில கால் மரத்துப் போற அளவுக்கு உட்கார்ந்துட்டு சாயங்காலம் கிணத்துல விழுவாங்களாம். அவங்க பசங்களுக்குப் பாதிப் பேருக்குத் தெரியும். பேரன்களுக்கு, அதாவது என் செட்டுக்கு, தெருவையே சலிச்சாலும் ரெண்டு பேர் தேற மாட்டான். எல்லாரும் இன்ஜினியர்.

என்ன ஆச்சு? கிணறு வத்திச்சு, போர் போட்டாங்க. போர்ல நீச்சல் அடிக்க முடியாது. பாலாத்துல வருஷத்துல பாதி நாளுக்கு மேல மணல்தான், அந்த மணலையும் அள்ளி அங்கங்க பள்ளம். தண்ணி வந்தா எது ஆறு எது குழின்னு தெரியாது. 2021 நவம்பர்ல பாலாறு ரெண்டு கரையும் தொட்டு ஓடினப்போ ஊரே செல்போனோட பாலத்துல நின்னுச்சு. ஓடற தண்ணியோட இழுப்பு எப்படி இருக்கும்னே தெரியாத ஒரு தலைமுறை அந்தக் கூட்டத்துல நின்னுட்டிருந்தது. கோயில் குளங்களுக்கு வந்தா, நம்ம பக்கத்துல பாதிக்கு மேல கம்பி வேலி, பூட்டு, "குளத்தில் இறங்காதீர்" போர்டு.

வேலி போட்டது பக்தியினாலன்னு யாராச்சும் சொன்னா நம்பாதீங்க. பொறுப்பைக் கை கழுவறதுக்குப் பேர் வேலி. குளத்துக்கு நாலு பக்கமும் படி எதுக்கு வெட்டினாங்க? வேடிக்கை பார்க்கவா? தீர்த்தவாரின்னா சாமியே தண்ணிக்குள்ள இறங்கற திருவிழா. சித்ரா பௌர்ணமிக்கு எங்க வரதர் ஐயங்கார்குளம் நடவாவிக் கிணத்துக்குள்ள படியிறங்கிப் போய், அப்புறம் பாலாத்துக்குப் போறார். அனந்தசரஸ்ல தண்ணிக்கு அடியில 40 வருஷம் இருக்கற அத்திவரதரைப் பார்க்க, 2019-ல 48 நாள்ல ஒரு கோடிப் பேர் வரைக்கும் வந்தாங்கன்னு கணக்கு சொன்னாங்க. தண்ணியோட இவ்வளவு ஒட்டி உறவாடற ஊர். அந்த ஊர்ப் பிள்ளைகளுக்குத் தண்ணியில மிதக்கத் தெரியாது.

இது வெறும் ஆதங்கம் இல்லை மக்களே. 2023 ஏப்ரல் 5, பங்குனி உத்திரத் தீர்த்தவாரி. நங்கநல்லூர் பக்கம் மூவரசம்பட்டு குளம். சாமியோட இறங்கின அர்ச்சகர்கள்ல அஞ்சு இளைஞர்கள் மூழ்கி இறந்து போனாங்க. ஒருத்தர் தடுமாற, காப்பாத்தப் போனவங்களும் உள்ளே போயிட்டாங்கன்னு செய்தி. என்னைவிடச் சின்னப் பசங்க. கரையில எத்தனை பேர் நின்னிருப்பாங்க? அதுக்கப்புறம் என்ன பேசினோம்? பாதுகாப்பு ஏற்பாடு சரியில்லை, ஆழம் பார்க்கலை, அனுமதி வாங்கலை. எல்லாம் சரி. "ஏன்டா நம்ம பசங்க யாருக்கும் நீச்சல் தெரியறதில்லை?"ன்னு ஒருத்தர் கேட்டாரா? நம்ம நாட்டுல வருஷத்துக்கு முப்பதாயிரம் பேருக்கு மேல தண்ணியில மூழ்கிச் சாகறாங்கன்னு அரசாங்கக் கணக்கே சொல்லுது. அத்தனையையும் உள்பக்கத்துல நாலு வரிச் செய்தியா படிச்சிட்டு, திருப்பி "குற்றாலீஸ்வரன் எங்கே?"ன்னு பதிவு.

ஜப்பான்ல 1955 மே மாசம் ஷியுன் மாருன்னு ஒரு படகு இன்னொரு கப்பலோட மோதி மூழ்கிச்சு. செத்தது 168 பேர். அதுல 100 பேர் சுற்றுலா போன பள்ளிக்கூடப் பிள்ளைகள். அவங்க அழுது முடிச்சிட்டு பள்ளிக்கூடத்துக்குப் பள்ளிக்கூடம் நீச்சல் குளம் கட்ட ஆரம்பிச்சாங்க, நீச்சலைப் பாடமாவே ஆக்கினாங்க. "அவன் பணக்கார நாடு சார்" அப்படிங்கறீங்களா? சரி, வங்காளதேசத்துக்கு வாங்க. அங்கே கிராமத்துக் குளத்துல மூங்கில்ல மேடை கட்டி, அதுக்குள்ள பிள்ளைகளை இறக்கி, உள்ளூர் ஆளுங்களையே பழக்கி ஆயிரக்கணக்குல இல்லை, லட்சக்கணக்குல சொல்லிக் குடுத்திருக்காங்க. சலவைக்கல் இல்லை, குளோரின் இல்லை, ஸ்பான்சர் பேனர் இல்லை. மூங்கில். நம்ம ஊர்ல மூங்கிலுக்கா பஞ்சம்?

பாலத்துக்கு அடியில ஓடற சாக்கடையைச் சரி பண்ணாம குளத்துல பிள்ளையை இறக்கச் சொல்றியான்னு கேப்பீங்க. நியாயமான கேள்வி. எல்லாக் குளத்திலும் இறக்கச் சொல்லலை. அனந்தசரஸ்ல இறங்கச் சொல்லவும் இல்லை, என்னைத் தேடி ஆட்டோ அனுப்பிடாதீங்க. ஒரு குளம். தூர் வாரி, தண்ணி பரிசோதிச்சு, ஒரு ஓரமா இடுப்பளவு ஆழத்துல அடைச்சு, கோடை விடுமுறையில அஞ்சாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பதினஞ்சு நாள். பொண்ணுங்களுக்குத் தனி நேரம், சொல்லித்தர பெண்கள். இதைச் சொன்னாலே "பொம்பளைப் புள்ளைக்கு எதுக்கு"ன்னு ஒரு குரல் வரும். அந்தக் குரலுக்கு பதில் சொல்ல எனக்குப் பொறுமை கிடையாது. 1959-லயே ஆரதி சாஹா ஆங்கிலக் கால்வாயைக் கடந்தாச்சு, நீங்க இன்னும் வாசப்படி தாண்டலை.

இதுக்கும் சாம்பியனுக்கும் என்னய்யா சம்பந்தம்னு கேக்கறவங்களுக்கு ஒரே ஒரு பேர் சொல்றேன். சாஜன் பிரகாஷ். ஒலிம்பிக்குக்கு நேரடித் தகுதி நேரமான 'ஏ' அளவை எட்டின முதல் இந்திய நீச்சல்காரர். 2021 ஜூன்ல ரோம்ல 200 மீட்டர் பட்டர்ஃபிளை, 1 நிமிஷம் 56.38 விநாடி. வேண்டியது 1:56.48. பத்துல ஒரு பங்கு விநாடி மிச்சம்! பொறந்தது கேரளா இடுக்கி, போட்டியிடறது கேரளாவுக்கு. ஆனா வளர்ந்ததும் தண்ணியில இறங்கினதும் எங்கே தெரியுமா? நெய்வேலி. அவங்க அம்மா ஒரு தடகள வீராங்கனை, நெய்வேலி நிலக்கரி நிறுவனத்துல வேலை. அந்த டவுன்ஷிப்ல ஒரு நீச்சல் குளம் இருந்துச்சு. பையன் இறங்கினான். இவ்ளோதான் ரகசியம்.

மெரினாவுல ஒரு குளம் இருந்ததால குற்றாலீஸ்வரன். நெய்வேலியில ஒரு குளம் இருந்ததால சாஜன். நம்ம ஊர்ல எத்தனை பேர் தறிக்குழிக்குள்ளயும், எங்களை மாதிரி கண்ணாடிக் கட்டடத்துக்குள்ளயும் உட்கார்ந்திருக்கான், அவனோட தோளும் மூச்சும் எதுக்கானதுன்னு அவனுக்கே தெரியாம? நான் படிச்ச ஒரு பள்ளியில வாரத்துக்கு ரெண்டு பி.டி. பீரியட் இருந்துச்சு, அட்டவணையில. ரெண்டையும் கணக்கு வாத்தியார் வாங்கிக்குவார். பந்தே கண்ணுல காட்டாத இடத்துல தண்ணியை யார் காட்டுவா?

அதனால, அடுத்த தடவை அந்தப் படத்தைப் போட்டு "ஞாபகம் இருக்கா?"ன்னு கேக்கறதுக்கு முன்னாடி, ஒரு வேலை பண்ணுங்க. உங்க பிள்ளையோ அக்கா பிள்ளையோ படிக்கற பள்ளிக்கூடத்துக்குப் போய், வருஷத்துக்கு இவ்ளோ ஆயிரம் கட்டறோமே, நீச்சல் சொல்லித் தர்றீங்களான்னு கேளுங்க. ஸ்மார்ட் கிளாஸ் இருக்கு, ரோபோட்டிக்ஸ் இருக்கு, அபாகஸ் இருக்கும்பாங்க. நீச்சல் இருக்கான்னு திருப்பிக் கேளுங்க. அவங்க சொன்ன பதிலை அப்படியே பின்னூட்டத்துல போடுங்க, பள்ளி பேர் வேண்டாம், ஊர் பேர் போதும். பத்துப் பதினஞ்சு ஊர் சேர்ந்தா தொகுத்து அடுத்த பதிவா போடறேன், கூடவே மாவட்ட ஆட்சியருக்கு ஒரு மனுவும்.

பி.கு.: "நீ மொதல்ல நீந்துவியா?"ன்னு கேக்கத் துடிக்கற அன்பு உள்ளங்களுக்கு. போன வருஷம் கத்துக்கிட்டேன். 25 மீட்டர் போவேன். அதுக்கு மேல மூச்சு வாங்கும், சுவத்தைப் பிடிச்சுக்குவேன் :-)